நீச்சல் குளத்துத் தொழிலாளர் சம்பளமும் பயிற்சியும்

(கிளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தோட்டக் கிராணிமார் சார்பில் ஆற்றிய உரை)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவதாக 'நீச்சல் குளத்துத் தொழிலாளர்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து இரண்டொருவர் வாசலிலேயே சிரித்ததை நாங்கள் கவனித்தோம். "லயத்துக் குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வரக் காணோம், நம் கிராணிமார் நீச்சல் குளத்துக்குப் போய்விட்டார்களே!" என்று மூத்த தோழர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். குழாய் விஷயம் மூன்றாவது தீர்மானமாக வந்து, நீங்கள் கைதூக்கி நிறைவேற்றியும் விட்டீர்கள். இப்போது குளத்துக்கு வருவோம். அங்கே நிற்பது நம் வீட்டுப் பிள்ளைகள்தாம் என்பதனால் வருகிறோம்.

பி.பி. 86, பி.பி. 260 என்ற மரங்களில் உளி வைக்காதவர் இந்தக் கூட்டத்தில் குறைவு. அந்த இரண்டு எழுத்துகள் எதைக் குறிக்கின்றன என்று யோசித்ததுண்டா? பிராங் பெசார் என்ற தோட்டத்தின் பெயர்ச் சுருக்கம் அது. முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் படையினர் 1921-இல் காட்டைத் திருத்தித் திறந்த தோட்டம். 'பெரும் போர்' என்பதே அந்தப் பெயரின் பொருள். அந்தத் தோட்டத்து நிலத்தில்தான் 1990-களில் புத்ராஜெயா நகரம் எழுந்தது. ஒரு தோட்டத்தின் கதை மட்டுமல்ல இது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; செம்பனையும் போய்ப் பல இடங்களில் வீடமைப்பு வந்தது, கோல்ப் மைதானம் வந்தது, அடுக்குமாடி வந்தது. அடுக்குமாடி என்றால் நீச்சல் குளம் இல்லாமல் விற்பதில்லை. பாட்டன் மங்கு கவிழ்த்த இடத்தில் பேரன் சிவப்பு சட்டை போட்டுக்கொண்டு, கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டு, உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். லைப்கார்டு என்கிறார்கள். நாம் உயிர்காப்பாளர் என்று சொல்வோம்.

அப்படிப்பட்ட மூன்று இளைஞர்கள் 2025-ஆம் ஆண்டு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நம் கிளை அலுவலகத்துக்கு வந்தார்கள். மூவரும் லயத்தில் பிறந்தவர்கள், ஆற்றில் நீந்தப் பழகியவர்கள். ஒருவனின் தாயார் இன்னமும் பால் வெட்டுகிறார். அந்த அம்மாள்தான் மகனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். "கிராணி ஐயா, இந்தச் சீட்டைக் கொஞ்சம் பாருங்க. இவன் நாள் முழுக்க வேலை செய்யிறான், வீட்டுக்கு வர்ற காசு நான் வெட்டுற காசவிடக் கம்மியா இருக்கு" என்றார்.

சீட்டைப் பார்த்தோம். செக்ரோல் எழுதிப் பழகிய கண்ணுக்கு அதிலிருந்த ஓட்டைகள் உடனே தெரிந்தன. ஒரு குத்தகைக்காரர் அடுக்குமாடிகளுக்கும் ஓட்டல்களுக்கும் உயிர்காப்பாளர்களை அனுப்புகிறார். மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. வேலை காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை, வாரம் 6 நாள். சாப்பாட்டுக்குத் தனி நேரம் கிடையாது. நாற்காலியிலேயே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட வேண்டும். ஓவர்டைம் என்ற இடத்தில் 'சம்பளத்தில் அடக்கம்' என்று எழுதியிருந்தது. பயிற்சிக் கட்டணம் 900 வெள்ளி, மாதம் 150 வீதம் 6 மாதம் பிடிப்பு. சட்டைக்கு 50 வெள்ளி. இதற்கெல்லாம் முன்பு, முதல் 10 நாள் 'பயிற்சிக் காலம்', அதற்குச் சம்பளமே இல்லை. அந்தப் பத்து நாளில் என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டோம். ஒருவன் சிரித்தான். "தொட்டியச் சுத்தி இலை பொறுக்கச் சொன்னாங்க, ஐயா. மூணாவது நாளே நாற்காலியில உட்கார வச்சிட்டாங்க."

தோழர்களே, கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். சம்பளச் சீட்டில் ஒளிந்திருப்பது கணக்கில்தான் வெளியே வரும்.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் ஓவர்டைம் தரவேண்டும் என்கிறது. மாதம் 4,000 வெள்ளிக்கு மேற்படாத சம்பளக்காரர் அனைவருக்கும் அது பொருந்தும். 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணிதான் உச்சம். 1,700-ஐ 26-ஆல் வகுத்தால் நாள் கூலி 65 வெள்ளி 38 காசு. அதை 8-ஆல் வகுத்து ஒன்றரை மடங்கு போட்டால் ஓவர்டைம் மணிக்கு 12 வெள்ளி 26 காசு வருகிறது. நாளுக்கு 4 மணி, 26 நாளைக்கு 104 மணி. ஆக மாதம் 1,275 வெள்ளி அந்தப் பிள்ளைக்கு வரவேண்டியது வரவில்லை. 104 மணி என்ற எண்ணையும் கவனியுங்கள். ஒரு மாதத்தில் வாங்கக்கூடிய ஓவர்டைமுக்கு 1980-ஆம் ஆண்டு விதி வைத்திருக்கும் உச்சவரம்பே அதுதான். நாளுக்கு எட்டு மணி, வாரம் ஆறு நாள் என்றால் 48 மணி ஆகிறது. 45-க்கு மேற்பட்ட அந்த 3 மணியையும் சேர்த்தால் உச்சவரம்பே தாண்டிப்போகிறது. அதை இந்தக் கணக்கில் நாங்கள் சேர்க்கவில்லை.

சம்பளமில்லாப் பத்து நாளுக்கு 653 வெள்ளி 80 காசு. பயிற்சிக் கட்டணம் 900. சட்டைக்குப் பிடித்த 50 வெள்ளியை விட்டுவிட்டாலும், முதல் ஆறு மாதத்தில் ஒரு பிள்ளையிடமிருந்து போனது 9,203 வெள்ளி 80 காசு. ஐந்து மாதச் சம்பளத்துக்கும் மேலே! அந்தத் தாயாரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ கூட்டிப் பாருங்க ஐயா" என்றார். கூட்டிப் பார்த்தோம். அதேதான் வந்தது.

குறைந்தபட்சச் சம்பளம் 1,700 கொடுத்தாகிவிட்டதே என்று அந்தக் குத்தகைக்காரர் தரப்பில் சொல்லலாம். 2025 பிப்ரவரி முதல் தேதி வந்த ஆணையில் அதே 1,700-க்கு மணிக்கூலி 8 வெள்ளி 72 காசு என்றும் போட்டிருக்கிறது. மாதம் 312 மணி உழைத்த பிள்ளைக்கு 1,700 என்றால் மணிக்கு 5 வெள்ளி 45 காசுதான் விழுகிறது. மாதச் சம்பளம் வேண்டும், மழை பெய்தாலும் வயிறு பசிக்குமே என்று பால்வெட்டுத் தொழிலாளர் எத்தனை காலம் கேட்டார்கள் என்பதை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2013-இல் 900 வெள்ளியாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளத்தை, நேரத்தை நீட்டியே கரைத்துவிடுகிற வித்தை இது. குளத்திலும் மழைக் கதை உண்டு. இடி இடித்தால் குளத்தை மூடுகிறார்கள், மூடவும் வேண்டும். ஆனால் மூடிய மணி நேரத்தைச் சம்பளத்தில் கழிக்கிறார்கள். மழைக்குக் கூலி இழந்த குடும்பத்துப் பிள்ளை, மறுபடியும் மழைக்கே கூலி இழக்கிறான்.

நிற்க. "நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பது ஒரு வேலையா?" என்று நம்மிலேயே சிலர் நினைக்கிறோம். அந்த நினைப்பு இருக்கிறவரை சம்பளமும் அப்படித்தான் இருக்கும். ஆகவே இந்த இடத்தில் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது.

தண்ணீரில் மூழ்குகிறவர் கையைத் தூக்கிக் கத்துவார், "காப்பாற்றுங்கள்" என்று கூவுவார் என்று சினிமாவில் பார்த்திருக்கிறோம். உண்மை வேறு. நியூயார்க் நகரத்து ஆர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த பிராங்க் பியா என்பவர், மூழ்குகிறவர்களைப் படம் பிடித்து ஆராய்ந்து, 1970-ஆம் ஆண்டளவில் அதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். மூழ்குகிறவரால் கத்த முடியாது. மூச்சு விடவே வாய்க்கு நேரம் போதாதபோது சத்தம் எங்கிருந்து வரும்? கைகள் மேலே வருவதில்லை. பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும். உடம்பு நட்ட கம்பம் போல நிமிர்ந்து நிற்கும். பார்க்கிறவர்களுக்குப் பிள்ளை தண்ணீரில் விளையாடுகிறது போலவே தோன்றும். இந்த நிலை 20 முதல் 60 விநாடிதான். அதற்குப் பிறகு தலை உள்ளே போய்விடும். மூச்சு நின்றபின் நாலைந்து நிமிடத்துக்குள் மூளை கெடத் தொடங்கிவிடுகிறது.

அதனால்தான் பல நாட்டுக் குளங்களில் பத்து, இருபது என்று ஒரு கணக்கைப் பயிற்சியிலே சொல்லிக் கொடுக்கிறார்கள். பத்து விநாடிக்குள் கண்டுபிடிக்க வேண்டும், அடுத்த இருபது விநாடிக்குள் போய்ச் சேரவேண்டும். நாற்காலியில் இருக்கிற பையன் தொட்டியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை, மேல்தண்ணீர் முதல் அடித்தளம் வரை, பத்து விநாடிக்கு ஒருமுறை கண்ணால் பெருக்கிக்கொண்டே இருக்கிறான் என்று பொருள். வெயிலில் தண்ணீர் கண்ணாடி போல் பளபளக்கும், அடித்தளம் தெரியாது. நெற்றி விளக்கு வெளிச்சத்தில் பட்டை எவ்வளவு ஆழம் போகிறது என்று விரல் நுனியில் உணர்ந்து வெட்டுகிறவர்கள் நீங்கள். இம்மியளவு ஆழமாகப் போனால் மரம் காயப்படும், மேலே நின்றால் பால் குறையும். கவனம் என்பது உடம்பை எப்படிக் களைக்கச் செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கை தவறினால் மரத்தில் முடிச்சு விழும். அந்தப் பையனின் கண் தவறினால் ஒரு வீட்டில் பிள்ளை இல்லாமல் போகும்.

உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-ஆம் ஆண்டில் உலகத்தில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். ஆறும் கடலும் கிணறும் சேர்ந்த கணக்குதான். ஆயினும் குளத்தருகே ஆள் வைப்பது எதற்காக என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

அப்படிப்பட்டவனைத்தான் பன்னிரண்டு மணி நேரம் ஓய்வின்றி உட்காரவைத்து, நடுவில் துடைப்பத்தையும் கையில் கொடுக்கிறார்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கினால் அரைமணி ஓய்வு வேண்டும் என்று வேலைச் சட்டத்தின் 60ஏ பிரிவில் இருக்கிறது. விட்டுவிட்டுச் செய்யமுடியாத, தொடர்ந்து ஆள் நின்றே தீரவேண்டிய வேலையானால் எட்டு மணி நேரம் ஒன்றாக வாங்கலாம். ஆனால் அந்த எட்டு மணிக்குள் சாப்பாட்டுக்குக் குறைந்தது 45 நிமிடம் விடவேண்டும். இது ஏதோ உயிர்காப்பாளரை நினைத்தே எழுதியது போல் இருக்கிறது! 45 நிமிடம் விடவேண்டுமானால் அந்த நேரம் தொட்டியைப் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும். ஒரே ஆளை வைத்திருப்பதால்தான் பொட்டலம் நாற்காலிக்கு வருகிறது. பிள்ளை சோற்றைப் பார்த்துக் குனிந்த நேரம் தொட்டியை யார் பார்த்தார்கள் என்று எந்த நிர்வாகமும் கேட்டதாகத் தெரியவில்லை.

இனி மருந்து. குளத்துத் தண்ணீரைச் சுத்தமாக வைக்கக் குளோரின் மருந்து போடுகிறார்கள். தண்ணீரின் காரத்தைக் குறைக்க ஆசிட் ஊற்றுகிறார்கள். இரண்டும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். நெஞ்சை எரிக்கும், ஆளையே கொல்லவும் கூடும். பால் உறையவைக்கிற ஆசிட்டையும் பால் கெடாமலிருக்க ஊற்றுகிற அமோனியாவையும் ஸ்டோரில் கண்டு பழகிய நமக்கு இது புதிதல்ல. நம் ஸ்டோரில் கையுறை இல்லாமல் டின்னைத் தொட விடுவதில்லை. அந்த மூவரில் ஒருவன் இரண்டு மருந்தையும் ஒரே வாளியால் அள்ளிக்கொண்டிருந்தான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் 1994-இல் வந்தது. 2024 ஜூன் முதல் தேதியிலிருந்து அது ஏறத்தாழ எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்துவிட்டது. பாதுகாப்புக்கான பயிற்சி கொடுப்பது முதலாளியின் கடமை என்று அதில் இருக்கிறது. அந்தச் சட்டப்படி செய்து கொடுத்த எதற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது என்றும் 26-ஆம் பிரிவு சொல்கிறது. கையுறைக்கும் கண்ணாடிக்கும் சம்பளத்தில் பிடிக்கிறவர்கள் இதைப் படித்தால் நல்லது.

பயிற்சி விஷயத்துக்கு வருவோம். நாங்கள் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்.

தண்ணீரில் உயிர்காக்கும் கலைக்கு ஒழுங்கான பாடமும் பரீட்சையும் இன்று நேற்று வந்தவை அல்ல. 1891-இல் லண்டனில் வில்லியம் ஹென்றி என்பவர் முன்னின்று ஏற்படுத்திய உயிர்காப்புச் சங்கம், வெண்கலப் பதக்கம் என்று ஒரு தேர்வை வைத்தது. அந்த வழியிலேயே மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உயிர்காப்புச் சங்கங்கள் இருந்து பயிற்சியும் தேர்வும் நடத்துகின்றன. நீந்தத் தெரிந்தால் மட்டும் போதாது. மயங்கிய ஆளை இழுத்துக்கொண்டு நீந்தத் தெரியவேண்டும். கழுத்து எலும்பு அடிபட்டவரை அசையாமல் பலகையில் ஏற்றத் தெரியவேண்டும். நெஞ்சை அமுக்கி மூச்சுக் கொடுக்கத் தெரியவேண்டும். மூழ்கியவருக்கு முதலில் வேண்டியது மூச்சு. இதையெல்லாம் ஒருதரம் கற்றுவிட்டுச் சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட முடியாது. கை மறந்துவிடும். அடிக்கடி பழகவேண்டும், பழகுகிற நேரமும் வேலை நேரமே.

நம் தோட்டத்தில் புதியவருக்கு உளி பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறோம். முதலில் கழிவு மரத்தில் வெட்டச் சொல்லி, மண்டோர் பக்கத்தில் நின்று பார்க்கிறார். அந்த நாட்களுக்கும் செக்ரோலில் பேர் விழுகிறது. எங்கள் கையாலேயே எழுதுகிறோம். மரத்தில் காயம் போட்டுப் பழகியதற்காக யாரிடமும் கட்டணம் வாங்கியதில்லை. மரத்தைக் காக்கக் கற்றுக்கொடுக்கும் செலவு தோட்டத்தின் செலவானால், மனிதரைக் காக்கக் கற்றுக்கொடுக்கும் செலவு மட்டும் பிள்ளையின் செலவாவது எப்படி?

அமெரிக்காவில் 1938-இல் நியாயத் தொழில் தரச் சட்டம் என்று ஒன்று வந்தது. அதன் விதிகளில் பயிற்சி நேரத்துக்குச் சம்பளம் தராமலிருக்க நாலு நிபந்தனைகள் உண்டு. வேலை நேரத்துக்கு வெளியே நடக்கவேண்டும். போவதும் போகாமலிருப்பதும் தொழிலாளி இஷ்டமாக இருக்கவேண்டும். அவர் செய்யும் வேலையோடு நேரடிச் சம்பந்தம் இருக்கக்கூடாது. அந்த நேரத்தில் வேறு வேலை வாங்கக்கூடாது. நாலும் ஒன்றாகப் பொருந்தினால்தான் சம்பளம் இல்லை. ஒன்று தவறினாலும் சம்பளம் உண்டு. நம் பிள்ளைகளின் பத்து நாளை இந்த நாலில் வைத்துப் பாருங்கள். ஒன்றாவது பொருந்துகிறதா? அமெரிக்காவை நாம் தூக்கிவைத்துப் பேச வரவில்லை. அந்த நாட்டுக் கூட்டரசின் குறைந்தபட்சக் கூலி 2009-இல் வைத்த 7 டாலர் 25 சென்டிலேயே நின்றுகொண்டிருக்கிறது. 2022 கோடையில் நியூயார்க் நகரத்துக் குளங்களுக்கும் கடற்கரைகளுக்கும் உயிர்காப்பாளர் கிடைக்காமல் திண்டாடியபோதுதான், மணிக்கு 16 டாலர் 10 சென்டாக இருந்த தொடக்கக் கூலியை 19 டாலர் 46 சென்டாக ஏற்றினார்கள். ஆள் வராதபோது ஏறுகிற கூலி, ஆள் இருக்கும்போதே ஏறினால் என்ன?

நம் நாட்டுச் சட்டத்தில் அந்த நாலு நிபந்தனையை அப்படியே காணமுடியாது. அதற்காகக் கையை விரிக்கவும் வேண்டாம். வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. அந்த வரையறைக்கு வெளியே ஒரு காசு பிடித்தாலும் குற்றம். சிலவற்றுக்குத் தொழிலாளி எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். சிலவற்றுக்குத் தொழிலாளர் இலாகா தலைமை இயக்குநரின் அனுமதியும் வேண்டும். அடுத்து 101சி என்ற புதிய பிரிவு, 2023-இல் நடப்புக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், ஒருவருடைய வேலையையும் நேரத்தையும் முதலாளி கட்டுப்படுத்தினால், கருவிகளை அவரே கொடுத்தால், வேறு சாட்சியம் இல்லாதவரை அவரைத் தொழிலாளி என்றே கொள்ளவேண்டும் என்கிறது. இலை பொறுக்கச் சொன்னதும், நாற்காலியில் உட்காரச் சொன்னதும், எட்டு மணிக்கு வா என்றதும் யார்? 'பயிற்சியாளர்' என்று பெயர் மாற்றினால் வேலை வேறாகிவிடாது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பெரும்பாலான தொழில்களில் 10 பேரும் அதற்கு மேலும் மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கிற முதலாளி, சம்பளத் தொகையில் நூற்றுக்கு 1 வீதம் மனிதவள மேம்பாட்டு நிதிக்குக் கட்டவேண்டும். 2001-ஆம் ஆண்டுச் சட்டம் அது. 2021 மார்ச்சில் இன்னும் பல தொழில்களுக்கு விரித்தார்கள். கட்டிய பணத்திலிருந்து தொழிலாளருக்குப் பயிற்சி கொடுக்கும் செலவைக் கேட்டுப் பெறலாம். கட்டாத குத்தகைக்காரர் கட்டவேண்டும். கட்டுகிறவர் அந்தப் பணத்தைப் பயிற்சிக்கு எடுக்கலாம். அங்கேயும் எடுத்து, பிள்ளையின் சம்பளத்திலும் பிடித்தால், ஒரே பாலை இரண்டு தராசில் நிறுத்துக் காசு வாங்குவது போலாகும்.

குத்தகைக்காரர் தரப்பையும் சொல்லிவிடவேண்டும்; ஒரு பக்கமாகப் பேசுவது எங்களுக்குப் பழக்கமில்லை. "செலவு செய்து பயிற்சி கொடுக்கிறோம், சான்றிதழ் கைக்கு வந்த மறுமாதமே பையன் வேறிடம் போய்விடுகிறான்" என்கிறார்கள். பொய்யில்லை. நம் பிள்ளைகளிலும் அப்படிச் செய்தவர்கள் உண்டு. அதற்கு ஒரு வருடம் இருப்பேன் என்று ஒப்பந்தம் எழுதட்டும். இடையில் போனால் திருப்பவேண்டிய தொகை மாதாமாதம் தேய்ந்துகொண்டு வரட்டும். வேலையில் சேருமுன் அதைப் படித்துக்காட்டட்டும். அதைப் பற்றி உட்கார்ந்து பேசலாம். இருக்கிறவனிடமும் போகிறவனிடமும் ஒரே மாதிரி 900 வெள்ளி பிடிப்பது வேறு விஷயம். அதைப் பயிற்சி என்று சொல்வதைவிட வியாபாரம் என்று சொல்லலாம்.

இந்தக் குத்தகைக்காரர்களிலும் சிலர் முன்னே உயிர்காப்பாளராக இருந்தவர்கள்தாம். நோயின் வேர் டெண்டரில் இருக்கிறது. எவன் குறைத்துக் கேட்கிறானோ அவனுக்கே வேலை. குளத்துக்கு இத்தனை பேர், இத்தனை மணி, சம்பளமும் ஓவர்டைமும் சேமநிதியும் சொக்சோவும் சேர்த்து இவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டால், அதற்குக் கீழே ஒருவன் கேட்கும்போதே திருட்டு எங்கே நடக்கப்போகிறது என்று தெரிந்துவிடும். 1,700 சம்பளத்துக்கு முதலாளி கட்டவேண்டிய சேமநிதி மட்டும் நூற்றுக்கு 13. இதை அடுக்குமாடி நிர்வாகக் குழுவினர் கேட்பதில்லை. அந்தக் குழுக்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். தோட்டத்திலிருந்து போய் வீடு வாங்கிக் குடியேறியவர்கள். பராமரிப்புக் கட்டணம் பத்து வெள்ளி ஏறினால் கூட்டம் போட்டுச் சண்டை பிடிக்கிறோம். தொட்டியருகே நிற்கிற பையன் எத்தனை மணிக்கு வந்தான் என்று கேட்பதில்லை. ஓட்டல்காரர்களுக்கு வேறொரு கதவும் உண்டு. தன் தொழிலுக்காகக் குத்தகை விட்டவர், குத்தகைக்காரர் சம்பளம் தராவிட்டால் அதற்குச் சேர்ந்தே பொறுப்பு என்று 33-ஆம் பிரிவு சொல்கிறது. மூன்று மாதச் சம்பளம்வரைதான் பொறுப்பு; சம்பளம் கொடுக்கவேண்டிய நாளிலிருந்து 90 நாளைக்குள் வழக்கைத் தொடங்கவேண்டும். குத்தகைக் கங்காணிகளிடம் ஏமாந்த தோட்டத் தொழிலாளருக்குப் பழக்கமான பிரிவுதான். தொண்ணூறு நாள் என்பதை மட்டும் மறக்கவேண்டாம். நம் ஆட்கள் 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று நாலாவது மாதம்தான் வருகிறார்கள்.

அந்த மூவர் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். ஒருவன் தொழிலாளர் இலாகாவில் மனுக் கொடுத்தான். இரண்டு முறை அழைத்தார்கள். இரண்டாம் முறை குத்தகைக்காரர் ஓவர்டைமில் ஒரு பகுதியும் பயிற்சிக் கட்டணம் முழுதும் கொடுத்து முடித்துக்கொண்டார். முழுத் தொகைக்கு நிற்கலாம் என்று நாங்கள் சொன்னோம். பையன் களைத்துப்போயிருந்தான், வாங்கிக்கொண்டான். இரண்டாமவன், அந்தத் தாயாரின் மகன், மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாளே திரும்பப் பெற்றுக்கொண்டான். அதே குளத்தில் அவன் அண்ணனும் வேலை செய்கிறான். மூன்றாமவன் சொல்லாமல் கொள்ளாமல் ஜொகூர் பாலம் தாண்டிப் போய்விட்டான். பெரிய வெற்றி என்று பத்திரிகையில் போடக்கூடியது ஒன்றுமில்லை.

பயந்து திரும்பிய அந்தப் பையனை நினைத்துத்தான் இந்தத் தீர்மானம். அவன் தனியாக நின்றான். அவனுக்குச் சங்கம் இல்லை. 1959-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி ஒத்த தொழில்காரர்களே ஒரு சங்கத்தில் சேரலாம் என்றிருந்தது. தோட்டச் சங்கத்தில் குளத்துப் பையனுக்கு இடமில்லை என்று சொல்லி நாமும் கதவை மூடிக்கொண்டோம். 2024 செப்டம்பர் 15 முதல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, தொழிலையும் துறையையும் காட்டிப் பிரித்துவைத்த கட்டுப்பாடு எடுக்கப்பட்டுவிட்டது. அவர்களை நம் சங்கத்திலேயே சேர்ப்பதா, தனிச் சங்கம் அமைக்கத் துணை நிற்பதா என்பதைத் தலைமையகம் ஆராயட்டும். சங்க விதிகளைத் திருத்தவேண்டி வரலாம், நாள் பிடிக்கும்.

நாள் பிடிக்காத வேலை ஒன்று இருக்கிறது. ஞாயிறு மாலை 5 மணி முதல் 7 மணிவரை கிளை அலுவலகத்தில் ஒரு மேசை போட்டு, தோட்டத்துக்கு வெளியே வேலை செய்யும் நம் பிள்ளைகளின் சம்பளச் சீட்டுகளைப் பார்த்துக் கணக்குப் போட்டுக் கொடுப்பது. வேண்டுமானால் மனு எழுதிக் கொடுப்பது. இலாகாவுக்குக் கூடப் போவது. குளம் மட்டுமென்றில்லை, காவல் வேலையானாலும் சரி, கடை வேலையானாலும் சரி. எழுத்து வேலையை நாங்கள் நாலு கிராணிமார் முறைவைத்து ஏற்றுக்கொள்கிறோம். இலாகாவுக்குப் போகிற நாள் பஸ் செலவைக் கிளை நிதியிலிருந்து கொடுக்கச் சம்மதிக்க வேண்டும். மாதம் 100 வெள்ளிக்கு மேல் போகாது. வீட்டில் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்: சம்பளச் சீட்டைக் கிழித்துப் போடாமல் வைக்கவேண்டும், எத்தனை மணிக்கு வந்தேன், எத்தனை மணிக்குப் போனேன் என்று ஒரு நோட்டில் தினமும் எழுதவேண்டும். கைப்பேசியில் எழுதினாலும் சரிதான்.

தலைவர் அவர்களே, இதையே ஐந்தாவது தீர்மானமாக முன்மொழிகிறோம். பஸ் செலவைப் பற்றி ஆட்சேபம் உள்ளவர்கள் இப்போதே எழுந்து பேசிவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.